இடும்பனின் இரண்டாம் வழி

ஒலிபெருக்கி கட்டிய பொலிஸ் ஜீப் ஒன்று மட்டக்களப்பின் கல்லடி வீதியில் அலறிக்கொண்டு போனது. கிருசிகா வீட்டு மேசையைச் சுற்றியிருந்த நான்கு பேரும் அதைக் காதில் வாங்கவில்லை. அவர்கள் ஒரு பாம்பைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

நிஜப் பாம்பு அல்ல. சுனாமிக்குப் பிறகு வந்த தொண்டு நிறுவனம் ஒன்றில் கிருசிகா மொழிபெயர்ப்பாளராக இருந்தாள். அது மூடப்பட்டபோது வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் அவளிடம் விட்டுப்போனவை ஒரு தடித்த விதிப் புத்தகமும், ஒரு பை நிறைய விசித்திரமான தாயக்கட்டைகளும். ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்து, கதை சொல்லிக்கொண்டே ஆடுகிற ஆட்டம். கதையை நடத்துபவள் கிருசிகா. அவளுடைய தம்பி ஜெயந்தன், ரியூஷன் மாஸ்டர், கதையில் ‘நண்டு’ என்ற கள்ளன். காத்தான்குடியிலிருந்து வரும் றவூப் வயரிங் வேலை செய்பவன், கதையில் மந்திரவாதி. பின்னறையில் வாடகைக்கு இருக்கும் கேதீசன், ‘இடும்பன்’ என்ற வாள்வீரன்.

இடும்பனைக் கேதீசனாக எடுக்கவில்லை. முதல் நாளே ஜெயந்தன் அதை அவன் பக்கம் தள்ளிவிட்டான். “உனக்குத் தெரிஞ்ச வேலைதானே மச்சான்.” கேதீசன் வவுணதீவுப் பிள்ளை. பதினாறு வயதில் புலிகள் இயக்கம் அவனைக் கூட்டிக்கொண்டு போனது. வன்னியில் போர் முடிந்து, புனர்வாழ்வு முகாமிலும் இருந்துவிட்டுப் போன வருடம்தான் வெளியே வந்தான். இப்போது இரும்பு ஒட்டு வேலை செய்யும் பட்டறையில் கூலி. ஜெயந்தன் தள்ளியதைப் பேசாமல் வாங்கிக்கொண்டான்.

இன்று இடும்பன் ஆட்டத்தின் ஐந்தாம் படிக்கு ஏறுகிறான். வாள்வீரனாகவே ஏறினால் ஒரே மூச்சில் இரண்டு வெட்டு வெட்டலாம். விரும்பினால், வாளை வைத்துக்கொண்டே இரண்டாவது வழியாக இன்னொரு தொழிலில் கால் வைக்கலாம். ஆனால் அந்த இரண்டாவது வெட்டு கிடைக்காது. வழி மாறுவதற்கு கிருசிகா ஒரு சட்டம் போட்டிருந்தாள். ஏன் என்று மேசையில் வாய் திறந்து சொல்ல வேண்டும்; மற்றவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும்.

“பாணன்,” என்றான் கேதீசன்.

“பாட்டுக்காரனா?” ஜெயந்தன் சிரித்தான். “ஏரிக்குள்ள ஏழு தலப் பாம்பு கிடக்கு. தாலாட்டுப் பாடி அத நித்திரையாக்கப் போறியா? நம்மட வாவியில மீன் பாடுறது போதாதெண்டு நீயும் வெளிக்கிட்டிட்டாய்.”

“மந்திரம் எடு மச்சான்,” என்றான் றவூப். “மட்டக்களப்பான் மந்திரம் படிச்சா வெளியூரான் கேள்வி கேக்காம நம்புவான்.”

“மந்திரமும் வேணாம், மத்தளமும் வேணாம்,” என்றான் ஜெயந்தன். “ரெண்டாவது வெட்டு இல்லாட்டி நாங்க எல்லாரும் பாம்புட வயித்துக்குள்ளதான். இவன் சண்டைக்காரன். சண்டைக்காரனாவே இருக்கட்டும்.”

“நீ சும்மா இரு,” என்று தம்பியை அடக்கினாள் கிருசிகா. “கேதீசன், ஏன் பாணன்? சொல்லு. சொன்னாத்தான் மாத்தலாம்.”

கேதீசன் தாயக்கட்டையை விரல்களுக்கிடையில் உருட்டினான்.

நாளை மறுநாள் சித்திரை வருசம். குசினியில் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த கிருசிகாவின் தாய் வசந்தாதேவி அங்கிருந்தே குரல் கொடுத்தாள். “அவன் பாட்டுக்காரன்தான். வவுணதீவுக் கோயில்ல சின்னப் பொடியனா அவன் பாடினத்த நான் கேட்டிருக்கன். இஞ்ச வந்து ஒரு நாள் வாய் திறந்து பாடல்ல.”

“அது அப்ப, அம்மா,” என்றான் ஜெயந்தன்.

ஜீப் திரும்பி வந்தது. இந்த முறை சொல் தெளிவாகக் கேட்டது. சுனாமி எச்சரிக்கை. கரையோரத்தில் இருப்பவர்கள் உடனே பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும்.

குசினியில் தாச்சிச் சட்டி விழுந்த சத்தம். றவூப் ஓடிப்போய் அடுப்பை அணைத்தான். வசந்தாதேவி எண்ணெய்க் கரண்டியைப் பிடித்தபடி சுவரோடு நின்றாள். 2004இல் இதே கடல் அவளுடைய கணவரை இந்த முற்றத்திலிருந்துதான் கொண்டுபோனது. ஜெயந்தன் ஒரு கையையும் கேதீசன் மற்றக் கையையும் பிடித்து அவளை வெளியே கொண்டுவந்தார்கள். கிருசிகா எதையோ அள்ளிக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள்.

பழைய கல்லடிப் பாலத்தில் ஒரு வாகனம் போகத்தான் இடம். அன்று அதில் ஊரே போனது. சைக்கிள், ஓட்டோ, கைக்குழந்தை, கட்டிய கயிறோடு ஆடு. பக்கத்தில் பாதி கட்டிய புதுப் பாலம் யாருக்கும் உதவாமல் நின்றது.

நகரப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் மேல்மாடியில் இடம் கிடைத்தது. அங்கே உட்கார்ந்த பிறகுதான் வசந்தாதேவிக்கு ஏதோ ஆனது. மூச்சு இரைத்து இரைத்து ஓடியது. விரல்கள் மடங்கி விறைத்தன. உதடு வெளிறியது.

“அம்மாக்கு நெஞ்சு வலி,” என்று ஜெயந்தன் கத்தினான். “ஆரும் ஓட்டோ பிடிங்க.”

“கத்தாத,” என்றான் கேதீசன்.

அந்தக் குரலை அவர்கள் அதுவரை கேட்டதில்லை. சுற்றி நின்றவர்களை விலக்கிவிட்டு அவன் அவளுக்கு முன்னால் முழங்காலில் இருந்தான். நாடியைப் பிடித்தான். கண் இமையைப் பார்த்தான். நெஞ்சில் எங்கே நோகிறது, கைக்கு இறங்குகிறதா என்று கேட்டான். அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

“இது பயம், மாமி. மூச்சக் கூட எடுக்கிறீங்க, அதான் கை விறைக்குது. என்னப் பாருங்க. மூக்கால எடுங்க. மெல்ல, வாயால விடுங்க. இன்னொருக்கா. கடலப் பாக்க வேணாம், என்னப் பாருங்க.”

அவன் மூச்சோடு அவள் மூச்சும் மெல்ல இறங்கி வந்தது. மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்து நிமிர்த்தினான். உதட்டில் நிறம் திரும்பியது.

ஜெயந்தன் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே இருந்துவிட்டான். “எங்க படிச்சாய் இதெல்லாம்?”

“அங்கதான்.”

“அங்க நீ சண்டைதானே பிடிச்சாய்?”

“என்னச் சண்டைக்கு விடல்ல. மருத்துவப் பிரிவு. கடைசி வரைக்கும் மருந்து கட்டினன்.”

“இத ஏன் முதல்லயே சொல்லல்ல?”

“நீ கேக்கல்லயே, மச்சான். வாளத்தானே தந்தாய்.”

றவூப் இருமுவது போல் சிரிப்பை மறைத்தான்.

வசந்தாதேவிக்குப் பேச்சு வந்ததும் முதலில் மகளைத்தான் தேடினாள். “காணி உறுதிப் பத்திரம் எடுத்தியா, புள்ள?”

கிருசிகா கைப்பையைத் திறந்தாள். உள்ளே தாயக்கட்டைப் பையும் இடும்பனின் விவரம் எழுதிய தாளும் இருந்தன.

“உறுதிய விட்டிட்டு இதையா அள்ளினாய்? ஒனக்கு விசரா?”

“கைக்கு இதுதான் பட்டிச்சு, அம்மா.”

வசந்தாதேவி சிரித்தாள். அவள் சிரித்த பிறகுதான் மற்றவர்களும் சிரித்தார்கள். இன்னும் கீழே இறங்க அனுமதியில்லை. தூரத்தில் வாவி அசையாமல் கிடந்தது.

ஜெயந்தன் தாளை வாங்கித் தன் முழங்காலில் விரித்தான். “சரி. நான் சொன்னது பிழை. நமக்கு வைத்தியன் இல்லதான். இடும்பன் வைத்தியனாகட்டும். ரெண்டாவது வெட்டு வேணாம், நான் ஒத்துக்கொள்ளுறன்.”

“நானும்தான்,” என்றான் றவூப். “இப்பக் கண்ணால பாத்தமே.”

கிருசிகா பேனையைத் திறந்து ‘இரண்டாம் வழி’ என்ற இடத்தில் வைத்தாள்.

“அக்கா, எழுத வேணாம்,” என்றான் கேதீசன். “பாணன்.”

ஜெயந்தன் இந்த முறை சிரிக்கவில்லை. “நாங்க எல்லாரும் ஓமெண்டு சொல்லிட்டம் மச்சான். பிறகும் பாணனா?”

“நீங்க வாள் தந்தீங்க, வாங்கினன். இப்ப மருந்து தாறீங்க. இது நான் எடுக்கிறது.”

“அப்ப ஏன் எண்டு சொல்லு,” என்றாள் கிருசிகா. குரலில் கட்டாயம் இல்லை. பேனை மட்டும் காத்திருந்தது.

வசந்தாதேவி கேதீசனின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். “உனக்கு நல்ல கை ராசி, மனே. மருந்த ஏன் விடுறாய்?”

“அங்க மருந்து முடிஞ்ச பிறகு காயப்பட்டவங்க என்னட்டப் பாட்டுத்தான் கேட்டவங்க, மாமி. நான் பாடல்ல.”