மூணடி பேஸ்மட்டம்

வீடு கட்டப்போறேன்னு வாயத் தொறந்தா போதும், ஊர்ல எல்லாரும் இன்ஜினியர் ஆயிடுவாங்க. கட்றவ பொம்பளயா இருந்துட்டா கேக்கவே வேணாம், காய்கறிக்காரர் கூட கம்பி எத்தன எம்எம்னு சொல்லிட்டுத்தான் கொத்தமல்லி குடுப்பாரு. நான் ஆம்பூர்ல ஷூ கம்பெனில தையல் செக்‌ஷன் சூப்பர்வைசர். நூறு பேர வேல வாங்குறவ, எனக்கே கிளாஸ் எடுத்தாங்க. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். வாசல்ல படி இல்லாத வீடு.

எதுக்குன்னா, எங்க வீட்டுக்காரர் நவநீதன் வீல்சேர்ல இருக்காரு. நாலு வருஷத்துக்கு மின்ன பைக்குல வர்றப்ப லாரி இடிச்சிடுச்சு. உசுரு பொழச்சுது, இடுப்புக்குக் கீழ உணர்ச்சி போச்சு. நாங்க இருந்த வாடக வீட்டுக்கு நாலு படி. அவர வெளிய எறக்கணும்னா ரெண்டு ஆம்பளைங்க வேணும். அக்கம்பக்கத்துல கூப்ட்டா வருவாங்க, இவருதான் கூப்பிட விடமாட்டாரு. ஆஸ்பத்திரிக்குப் போற நாள் தவிர அந்த மனுசன் தெருவப் பாத்தது ஜன்னல் வழியாத்தான். டீக்கடையில நின்னு நாலு பேர்கிட்ட நாயம் பேசலன்னா சோறு எறங்காத ஆளு. அப்டி ஒருத்தர நாலு செவுத்துக்குள்ள பாக்குறப்ப எனக்கு வயிறு எரியும்.

பைபாசுக்கு அந்தாண்ட, சீட்டுப் பணத்துல வாங்கிப்போட்ட மனை ஒண்ணு இருந்துச்சு. கடன் வாங்கியாவது கட்டிடறதுன்னு எறங்கிட்டேன்.

மொதல்ல பாத்த மேஸ்திரி கோதண்டபாணி. பேஸ்மட்டம் அரையடி போதும்னு சொன்னேன். ரோட்லேர்ந்து வீட்டுத் தரை எவ்ளோ ஒசரம்ன்றதுதான் பேஸ்மட்டம். எங்க பக்கம் ஒருத்தன் கௌரவமே அதுலதான் இருக்கு. பக்கத்து வீட்டுக்காரன் ரெண்டரை போட்டா இவன் மூணு போடுவான். ரோடு போடறவங்களும் பழசச் சொரண்டாம அது மேலயே தாரு ஊத்திட்டுப் போறதால, பழைய வீடெல்லாம் ரோட்டுக்குக் கீழ கெடக்கு, அந்த பயம் வேற. கோதண்டபாணி என்ன மேலயும் கீழயும் பாத்துட்டு, அரையடில கட்டினா தன் பேரு கெட்டுப்போய்டும்னாரு. வீல்சேர் சங்கதிய சொன்னேன். சார தூக்க ரெண்டு பேரு கெடைக்காமலா போய்டுவாங்கன்னாரு. டீய குடிச்சிட்டு கெளம்புங்கன்னேன்.

ரெண்டாவதா காட்பாடிலேர்ந்து ஒரு இன்ஜினியர் வந்தாரு. லேப்டாப்ல வீட்டச் சுத்திச் சுத்திக் காமிச்சாரு, நல்லாத்தான் இருந்துச்சு. படி வேணாம்னு நான் சொன்னதுக்கு, படிக்கு அடியில கலர் லைட்டு போட்டு வரைஞ்சு அனுப்பினாரு. அந்தாளுகிட்ட நான் பேசினது தமிழ்தானான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு.

மூணாவது தன்சீல் அகமது. பேரணாம்பட்டுக்காரரு, எங்க கம்பெனிக்கு ஷெட்டு கட்டிக் குடுத்தவரு. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கப் பேசாம கேட்டாரு. ஒரு அடி ஒசரத்துக்குப் பன்னெண்டு அடி நீளத்துல சரிவு இருந்தாத்தான் வீல்சேர தானே தள்ளிகிட்டு ஏற முடியும்னு ஆஸ்பத்திரில சொல்லியிருந்தாங்க. அரையடின்னா ஆறடிச் சரிவு, வாசல்லயே முடிஞ்சிடும். பாய் தலைய ஆட்டினாரு, செஞ்சிடலாம்மான்னாரு. அந்த ஒரு வார்த்தைக்கு நான் அலைஞ்ச அலைச்சல் இருக்கே, செருப்புதான் தேஞ்சுது.

அடுத்தது பேங்க். மனை என் பேர்ல, சம்பளம் என்னுது, ஆனாலும் வீட்டுக்காரரும் கையெழுத்துப் போடணும்னாங்க. ஆட்டோல கூட்டிட்டுப் போனா பேங்க் வாசல்லயும் படி. லோன் ஆபீசர் பிரிசில்லா மேடம் பேப்பரத் தூக்கிட்டு கீழ எறங்கி வந்து, வெயில்ல ஆட்டோ பக்கத்துல நின்னு கையெழுத்து வாங்கினாங்க. நல்ல பொம்பள. ஆனா வருமானம்னு ஒரு கட்டம் வந்தப்ப அவங்களுக்கே கேக்க வாய் வரல. இவரே, "இல்லன்னு எழுதிக்குங்க மேடம்"னு சொல்லிட்டு அந்தாண்ட திரும்பிகிட்டாரு.

பேங்க்காரங்க பணத்த மொத்தமாக் குடுக்க மாட்டாங்க. பேஸ்மட்டம் முடிஞ்சா கொஞ்சம், செவுரு ஏறினா கொஞ்சம், கூரை போட்டா கொஞ்சம். அவங்க இன்ஜினியர் வந்து பாத்துட்டுப் போனாத்தான் அடுத்தது வரும். வேல ஆரம்பிச்ச நேரம் பாத்து கம்பெனில ஷிப்மெண்ட் அவசரம், ஞாயித்துக்கிழம கூட ஓவர்டைம். மனைப் பக்கமே போக முடியல. பேஸ்மட்டம் முடிஞ்சுது, பணம் வந்துடுச்சுன்னு பேங்க்லேர்ந்து மெசேஜ் வந்தப்ப சந்தோஷமா ஓடினேன்.

போய்ப் பாத்தா மூணடி. மண்ணு கொட்டி, இடிச்சு இறுக்கி, மேல கான்கிரீட்டும் போட்டுட்டாங்க. என் இடுப்பு ஒசரத்துக்கு நிக்குது. தன்சீல் பாயை வாயில வந்ததெல்லாம் பேசிட்டேன், சித்தாளுங்க வேலய நிறுத்திட்டு வேடிக்க பாத்தாங்க. நான் மூச்சு வாங்கினப்புறம்தான் பாய் மெதுவா சொன்னாரு.

"சாரு போன் பண்ணாரும்மா, மூணடி ஏத்துன்னு. வீட்டு ஆம்பள சொன்னா நான் எப்டி மீறுறது? கூட ஆன மண்ணுக்கு நான் காசு கூட கேக்கல."

கடன் கட்றது யாரு பாய்னு கேட்டேன்.

வீட்டுக்கு வந்தேன். இவரு டிவி பாத்துகிட்டு இருந்தாரு. ஸ்விட்ச்ச அமுத்திட்டு எதுர்ல நின்னேன். அவருக்குத் தெரிஞ்சுபோச்சு.

"பாலாத்துல வெள்ளம் வந்தப்ப நம்ம மனைப் பக்கம் தண்ணி எப்டி நின்னுச்சுன்னு நான் பாத்தவன். நீ டூட்டிக்குப் போய்ட்டா தண்ணிய நானா வாரி எறைப்பேன்? தெருவுலயே நம்ம வீடுதான் பள்ளம், அந்த நொண்டிக்காகக் கட்டினதுன்னு ஊரு பேசணுமா? இருவது வருஷம் கடன் கட்டப்போறவ நீ. எனக்காக வீட்டக் கெடுத்துக்காத."

எனக்கு வந்த கோவத்துல நீங்க போய் நீ வந்துடுச்சு. "நீ உள்ளயே கெடக்குற வீட்டுக்கு நான் எதுக்கு இருவது வருஷம் தண்டம் அழணும்? அதுக்கு இந்த வாடக வீடே போதும்"னேன். சொல்லும்போதே அழுக வந்துடுச்சு. அவரும் அழுதாரு. ஆஸ்பத்திரில கூட அழாத ஆளு.

அப்புறம் கண்ணத் தொடச்சிகிட்டு ஒண்ணு கேட்டாரு. "மேஸ்திரி, இன்ஜினியர்னு மூணு பேர்கிட்ட சொன்ன. பேங்க்ல சொன்ன. எனக்கு எப்டி வேணும்னு என்ன ஒரு வார்த்த கேட்டியா சங்கீதா?"

கேக்கலதான். அவருக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியாதான்ற நெனப்பு. தண்ணி விஷயத்துலயும் அவரு சொன்னதுதான் ஞாயம், எனக்குத்தான் அரையடின்ற பிடிவாதம் கண்ண மறச்சிடுச்சு.

மறுநாள் லீவு போட்டுட்டு அவர மனைக்குக் கூட்டிட்டுப் போனேன். பாய் டேப்பப் புடிச்சு அளந்தாரு. மூணடிக்கு முப்பத்தாறு அடிச் சரிவு, முன்னாடி எடம் பத்தாது. பக்கத்துல சந்து மாதிரி விட்டிருந்த எடத்துல கேட்லேர்ந்து ஆரம்பிச்சா வீட்டோட பின்பக்கம், சமையக்கட்டு கிட்ட போய் முடியும். வர்றவங்களுக்கு முன்னாடி படி வெச்சிடலாம், சார் மட்டும் இப்டிக்கா சமையக்கட்டு வழியா வந்துக்கட்டும்னு பாய் தயங்கித் தயங்கிச் சொன்னாரு. வீட்டுக்கு உடையவரு கொல்லப் பக்கமா வரணுமான்னு நான் சண்டைக்குப் போறதுக்குள்ள இவரு கையக் காமிச்சு என்ன நிறுத்தினாரு.

"வாசலையே அங்க வையி பாய். படியே வேணாம். வர்றவங்க எல்லாரும் நான் வர்ற வழியாவே வரட்டும்."

சமையக்கட்டு முன்பக்கம் வந்துடுச்சு, ஹால் பின்னாடி போய்டுச்சு. பிளான் மாறினதால பேங்க்ல பேஜார் ஆச்சு, அடுத்த தவணைய நிறுத்தி வெச்சாங்க. பிரிசில்லா மேடம் நேர்ல வந்து பாத்து, புது பிளானுக்கு எங்கெங்க போகணும்னு சொல்லிக் குடுத்தாங்க. சாண் ஏறினா முழம் சறுக்குற கததான், ஒரு மாசம் வேல நின்னுச்சு. சரிவுக்கு ஆகுற செலவுக்காக அவரு ஆசப்பட்ட தூணு வெச்ச போர்ட்டிகோவையும் நான் ஆசப்பட்ட கிரானைட்டையும் விட்டுட்டோம். சரிவுக்குக் கூலி வேணாம்னாரு பாய். நான் பேசின பேச்சுக்கு மன்னிப்பு கேட்டேன், அவரும் கேட்டாரு, கூலியையும் வாங்கிக்க வெச்சேன்.

கிரகப்பிரவேசத்துக்கு வந்த சனம் ஒரு மாதிரியாத்தான் பாத்துச்சு. என் நாத்தனா தனகோடி, இன்னாடி இது குடோனுக்கு லோடு ஏத்துற மாதிரின்னு கேட்டாங்க. சாப்ட்டுட்டு எறங்கறப்ப, முட்டி நோவாம வர முடிஞ்சுதுன்னு அவங்களே சொன்னாங்க. ஆனா குடி வந்தும் இவரு சரிவுல எறங்கல. எங்க பொண்ணு தமிழினி வேலூர்ல ஹாஸ்டல்ல தங்கி நர்சிங் படிக்கிறா, அவ போன் பண்றப்பல்லாம் அப்பா வெளிய போனாரான்னு கேப்பா. இல்லன்னு சொல்லவே எனக்கு நோவும். நாலு வருஷத்துல மனசு வெளிய போறதயே மறந்துபோச்சோன்னு பயந்தேன். இந்த தடவ வாயத் தொறக்கல, அவரா போகட்டும்னு விட்டுட்டேன்.

ரெண்டாவது வாரம் ஒருநாள், சாயங்காலம் கம்பெனி பஸ்சுல வந்து எறங்கினேன். கதவு பூட்டியிருந்துச்சு. வெளிப்பக்கம் பூட்டு தொங்குது. போன் பண்ணேன், உள்ள அடிக்குது. பக்கத்து வீட்டு வஜீதாவ கேட்டா பாக்கலன்னுட்டா. பைபாஸ் பக்கம் போய்ட்டாரா, லாரி வர்ற ரோடாச்சேன்னு தெருக்கோடி வரைக்கும் ஓடினேன். இல்ல. திரும்பி வந்து சரிவுலயே உக்காந்துட்டேன். உள்ள போகலாம்னா எங்கிட்ட சாவி இல்ல. நாலு வருஷமா நான் எப்ப வந்தாலும் அவரு உள்ள இருப்பாரு, எனக்கு எதுக்கு சாவி. அத நெனச்சதும் அழுகையா சிரிப்பான்னு தெரியாம எதுவோ பொத்துகிட்டு வந்துச்சு.

இருட்டுற நேரத்துல தெருமொனையில திரும்பி வந்தாரு. சட்டையெல்லாம் வேர்வ, சக்கரத்துல சேறு. எங்க போனீங்கன்னு கத்தினேன்.

"சும்மாதான்"னாரு.

சும்மான்னா எங்கன்னு கேட்டேன். சும்மான்னா சும்மாதாண்டின்னு சொல்லிட்டு சக்கரத்தத் தள்ளினாரு. பாதி ஏறி நின்னு மூச்சு வாங்கினாரு. பின்னாடி போய்த் தள்ளிவிட என் கை துறுதுறுன்னுச்சு, புடவையப் புடிச்சிகிட்டு நின்னேன். மறுபடி தள்ளி, மேல போய், பாக்கெட்லேர்ந்து சாவிய எடுத்துக் கதவத் தொறந்தாரு.

மறுநாள் வேலைக்குப் போற வழியில எனக்குன்னு ஒரு சாவி வெட்டிகிட்டேன்.