பனங்காட்டில் விட்ட கால்

பனிமலையின் உச்சியில், இரத்தம் உறையும் குளிரில், தன் வலது காலைத் தாய்நாட்டுக்குக் காணிக்கையாக்கிய மாவீரர் என்று அந்தப் பெண் ஒலிபெருக்கியில் வாசிக்கிறாள், என் தோளில் பொன்னாடை விழுகிறது, அதன் ஜரிகை வியர்த்த கழுத்தில் அறுக்கிறது, கல்லூரிப் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், எந்தப் பனி, எந்த மலை, பணியில் இருந்த காலம் முழுக்கப் பனி விழும் ஊருக்கே நான் போனதில்லையே என்று எனக்குள் கொதித்து ஏறுகிறது, நான் கால் வைத்த இடத்தில் மணல் இருந்தது, வெள்ளை மணல், அதன்மேல் பனைகளின் நிழல் கோடு கோடாகக் கிடந்தது, யாழ்ப்பாணத்துக்கு வெளியே ஒரு கிராமம், எண்பத்தேழாம் வருடத்து ஐப்பசி, மழை விட்டிருந்த காலை, அமைதிப்படை என்று பெயர் சூட்டி எங்களைக் கப்பலேற்றி அனுப்பியிருந்தார்கள், எனக்கு முன்னால் தணிகாசலம் போகிறான், ஆம், போகிறான், இத்தனை வருடமாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறான், எங்கள் ஊரில் எனக்கு அடுத்த தெருக்காரன், வேலூர்க் கோட்டை மைதானத்தில் நடந்த ஆளெடுப்பில் எனக்கு முன்னால் நின்று மார்பை விரித்துக் காட்டியவன், அந்த வைகாசியில்தான் அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

கிணற்றடியில் ஓர் அம்மாள், துலாக் கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறாள், நாங்கள் பேசிக்கொள்வது காதில் விழுந்ததும் அவள் முகம் மாறுகிறது, தம்பியவை, நீங்கள் தமிழோ, ஓமம்மா என்று அவர்கள் பேச்சிலேயே தணிகாசலம் சொல்கிறான், அது அதற்குள் அவன் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது, பிறகேன் தம்பி எங்களைச் சுடுறியள் என்று கேட்கிறாள் அவள், கத்தவில்லை, பெற்ற பிள்ளையைக் கேட்பதுபோலத்தான் கேட்டாள், என்ன சொல்கிறாள் அவள் என்று பின்னாலிருந்து அதிகாரி இந்தியில் அதட்டுகிறார், அந்தக் கேள்வியை இந்தியில் சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் எழவில்லை, நாங்கள் நின்ற நிலையைப் பார்த்து அவளே வாளியைச் சாய்த்தாள், குடியுங்கோ, குடிச்சிட்டுப் போங்கோ, இஞ்சால திரும்பி வராதேங்கோ, தணிகாசலம் இரண்டு கையையும் குவித்துக் குடித்தான், மீசையைத் துடைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்து, இன்னாடா இது, நம்ம ஊரு கெணறு மாதிரியே கீது என்றான், நான் பதில் சொல்வதற்குள் அவன் நடந்துவிட்டான், வேலி திரும்புகிற இடத்தில் நிலம் எழுந்து நின்றது, சத்தம் அப்புறம்தான் வந்தது, அல்லது வரவே இல்லை, மணலுக்குள் கிடந்து பார்த்தபோது பனைகள் தலைகீழாகத் தொங்கின, தணிகாசலம் அம்மா என்றான், ஒரே ஒரு முறை, எங்கள் ஆட்கள் வேலியைப் பார்த்துச் சுட்டார்கள், வேலிக்கு அந்தப் பக்கமிருந்தும் யாரோ அம்மா என்றான், இன்றைக்கும் கனவில் இரண்டு குரலில் எது அவனுடையது என்று பிரித்தெடுக்க முடியாமல் விழித்துக்கொள்கிறேன், இல்லாத காலின் பெருவிரல் எரிகிறது.

அவனை அங்கேயே எரித்தார்கள், ஊருக்கு வந்தது இரும்புப் பெட்டி, அதற்குள் இரண்டு சட்டையும் முகம் பார்க்கும் கண்ணாடியும், அவன் மனைவி சுலோச்சனா அந்தக் கண்ணாடியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று என் அம்மா சொன்னாள், நான் அப்போது ஆஸ்பத்திரியில் கட்டைக்காலில் நடை பழகிக்கொண்டிருந்தேன், ஊர் திரும்பி முதல்முதலாக டீக்கடைக்குப் போனபோது பெஞ்சில் இருந்தவன் எழுந்து தள்ளி நின்றான், நம்ம ஜனத்தையே சுட்டுட்டு வந்துகிறான் பாரு என்றான், அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, கிணற்றடி அம்மாள் கேட்டதைத்தான் அவனும் கேட்டான், என் கோபமெல்லாம் அனுப்பியவர்கள்மேல், அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டவர்கள்மேல், செத்தவனை எந்தப் போரில் செத்தான் என்று சொல்லக் கூசுகிறவர்கள்மேல், பதினைந்து நாளைக்கு முன்னால் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்த இந்தக் கல்லூரித் தாளாளர்மேல், ஐயா, எங்க காலேஜ்ல வீரவணக்க விழா, நீங்க அவசியம் வரணும், ஆனா அந்த இலங்கை மேட்டர் மட்டும் வேணாங்க, பசங்க ரெண்டு பட்டுருவாங்க, பொதுவா எல்லைன்னு போட்டுக்கலாமே என்றார், அப்படின்னா நான் வரலைங்க என்றேன், நடந்ததை நடந்தபடி சொல்லணும், சுலோச்சனாவையும் மேடையில உட்கார வைக்கணும், சரிங்க ஐயா, அப்படியே செய்துடலாம் என்று கும்பிட்டுப் போனார், இதோ, சுலோச்சனா மூன்றாவது வரிசையில் மின்விசிறி இல்லாத ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள், நான் பனிமலையில் நிற்கிறேன்.

பொன்னாடையை உருவி நாற்காலியில் போட்டேன், அந்தப் பெண்ணின் கையிலிருந்து மைக்கை வாங்கினேன், பனி இல்ல பிள்ளைங்களே, பனை, பனங்காடு, யாழ்ப்பாணம், அங்கதான் என் கால் போச்சு, என்கூட வந்தவன் உயிரும் அங்கதான் போச்சு என்றதும் ஒலிபெருக்கி செத்தது, தாளாளர் கை காட்டியதை நான் பார்த்தேன், பரேடு மைதானத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கட்டளை கொடுத்த தொண்டை எனக்கு, அவர் கம்பியும் மின்சாரமும் எனக்கு எதற்கு, கத்தினேன், எங்களுக்கு வெற்றின்னு ஒண்ணும் இல்ல, தண்ணி குடுத்த அம்மாவுக்கும் இல்ல, அவங்க பிள்ளைங்களுக்கும் இல்ல, அதைச் சொல்ல வெக்கமா இருந்தா எங்களைக் கூப்பிடாதீங்க, ஐயா, ப்ளீஸ், அரசியல் வேணாம் என்று தாளாளர் என் முழங்கையைப் பிடித்தார், உதறினேன், கட்டைக்கால் சறுக்கி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பிள்ளைகளில் யாரோ எழுந்து நின்றான், இன்னும் சிலர் எழுந்தார்கள், அவர் பயந்துவிட்டார், சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, என் கையிலிருந்து மைக்கை வாங்கி, ஒலிபெருக்கி மறுபடி உயிர் பெற, அந்த அம்மாவையும் மேடைக்குக் கூட்டிட்டு வாங்க, அவங்களுக்கும் மரியாதை செய்துடலாம் என்றார், ஏதோ மறந்துபோன சாமானை எடுத்துவரச் சொல்வதுபோல.

சுலோச்சனா படியேறி வந்தாள், நரைத்த தலை, ரப்பர் செருப்பைப் படிக்குக் கீழேயே விட்டிருந்தாள், பொன்னாடையை நீட்டிய கையை விலக்கினாள், ஒலிபெருக்கிக்காரப் பெண், பாவம், தமிழ் ஆசிரியையாம், கல்லூரிக்குப் புதிது, அம்மா, உங்க கணவர் பேர் சொல்லுங்க என்றாள், சுலோச்சனா அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை, எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், யாராவது கேட்டால் பக்கத்தில் நிற்பவளைப் பார்ப்பார்கள், அவள் எடுத்துச் சொல்வாள், அவுரு, எங்க வூட்டுக்காரரு, அவ்வளவுதான், நான் சொல்லலாமென்று வாயைத் திறந்தேன், நீ சும்மா இருண்ணா என்றாள், தணிகாசலம் என்றாள், தணிகாசலம், இருபத்தாறு வயசு, என்றாள் மறுபடியும், பிறகு அந்தப் பெண் பக்கம் திரும்பி, பேர நான் சொல்லிட்டேன், அவுரு எங்க செத்தாருன்னு இப்ப நீ சொல்லு, உன் வாயால சொல்லு, என்றாள்.

அந்தப் பெண் தாளாளரைப் பார்த்தாள், அவர் தரையைப் பார்த்தார், அம்மா, நேரமாகுது, அடுத்து நடனம் இருக்கு என்று யாரோ பக்கவாட்டிலிருந்து சொன்னார்கள், சொல்ற வரைக்கும் நான் எறங்க மாட்டேன் என்றாள் சுலோச்சனா, நான் அவள் பக்கத்தில் போய், ஒரு காலும் ஒரு கட்டையும் ஒன்றோடொன்று சேர, விறைப்பாக நின்றேன், அந்தப் பெண் மைக்கை உதட்டுக்கு எட்டாத தூரத்தில் பிடித்துக்கொண்டு, யாழ்ப்பாணம் என்றாள்.

கேக்கல, என்றாள் சுலோச்சனா.