மானுக்கு எட்டாத ஆப்பிள் கன்றுகள்

அப்பா விட்டுப்போன நாற்பது ஏக்கர் காட்டில் எனக்கும் அக்கா ஆர்லிஸுக்கும் சம பங்கு. நவம்பரில் மான் வேட்டை தொடங்கியதும் அவள் விஸ்கான்சினின் மறுகோடியிலிருந்து வண்டி ஓட்டி வருவாள். இருவரும் ஒரே பரணில் உட்காருவோம். போன வருடம் ஒரு மான்கூட எங்கள் பக்கம் தலைகாட்டவில்லை.

"இன்னும் ஒரு தடவை வர்றேன்டா. அப்பவும் இப்படித்தான்னா, நான் என் கொழுந்தன் நிலத்துக்குப் போயிடுவேன்" என்றாள்.

அக்கா இல்லாமல் அந்தப் பரணில் ஏற எனக்கு மனம் வராது. எனவே வசந்தத்தில் பரணுக்கு எதிரே ஆப்பிள் கன்றுகள் நட்டேன். காய்க்க வருடங்கள் ஆகும். ஆனால் இளந்தளிருக்கே மான் ஓடி வரும் என்று விற்றவர் சொன்னார். உண்மைதான். ஜூனில் ஒரு மான் வந்து நான்கு கன்றுகளின் நுனியைக் கடித்துவிட்டுப் போனது.

புத்தியுள்ளவன் கொண்டாடியிருப்பான். நான் கம்பி வலை வாங்கி வந்தேன். ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு கூண்டு. அது போதாதென்று, வாசனைக்கு மான் அண்டாது என்பதால் கூண்டுக்கு ஒரு சோப்புக்கட்டியும் தொங்கவிட்டேன். கோடையில் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தேன். அக்டோபரில் அக்கா பார்க்க வந்தபோது தோட்டத்தைப் பெருமையாகக் காட்டினேன்.

அவள் சுற்றி வந்தாள். "ஏன்டா, மான் வரணும்னு நட்டியா, வரக்கூடாதுன்னு நட்டியா?"

அன்றே அவள் முன்வரிசைக் கூண்டுகளையும் சோப்பையும் கழற்றி எறிந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

வேட்டையின் முதல் நாள், விடிந்து சற்று நேரத்தில், நல்ல கொம்புள்ள ஆண்மான் ஒன்று வந்தது. அக்கா மெல்லத் துப்பாக்கியைத் தூக்கினாள். மான் என் கன்றுகளிலேயே செழிப்பானதைத் தேர்ந்தெடுத்து, கொம்பால் தேய்க்க ஆரம்பித்தது. பட்டை நார் நாராக உரிந்தது.

"ஏய்! விடு அதை!"

கத்தியது நான்தான். மான் போன திசைகூடத் தெரியவில்லை.

அக்கா துப்பாக்கியை மடியில் வைத்தாள். பிறகு சொன்னாள்: "நாளைக்கு ஒரு நாள் உக்காந்து பாக்குறேன். நீ வீட்ல இரு."

மறுநாள் கழுவிய பாத்திரங்களையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வெடிச்சத்தம் கேட்டது. மானென்று யாரும் சுட்டுவிடாமலிருக்க வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சு அங்கியை மாட்டிக்கொண்டு ஓடினேன். ஓடிப்போய்க் கன்றின் முன்னால் மண்டியிட்டேன். பட்டை ஒரு பக்கம்தான் போயிருந்தது. பிழைத்துக்கொள்ளும்.

"டேய், மான் இங்க கெடக்கு! அங்க யாருக்குடா துக்கம் விசாரிக்கிற?"

நேற்று வந்த அதே மான். அக்காவின் முகம் முழுக்கச் சிரிப்பு.

"கொழுந்தன்கிட்ட வரலைன்னு சொல்லிடுறேன். அடுத்த வருஷத்துக்குள்ள ஓடைப் பக்கமும் கன்னு நடு. இன்னொரு பரணும் கட்டு, உனக்குன்னு தனியா. நல்லாத் தள்ளி."

"சரிக்கா."

"அப்ப வந்து கொம்பைப் பிடி."

பிடித்து இழுத்தேன். வீடு சேரும்வரை கன்றைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுத ஆசைதான். இரண்டு தடவை பார்த்தேன்.