ஏழாவது அடி

எங்கள் தீவு ஊரில் மாலையில் மணியில் ஆறு அடி விழுந்தால் வீட்டுக்கு வீடு பாட்டோடு ஜெபம் தொடக்கம். பிறகு ஒற்றை அடி விழுந்தால் முடிந்தது, எழுந்திருக்கலாம். மணி என்று பெயர்தானே தவிர, அது ஈரப்பலா மரத்தில் தொங்கும் காலி கேஸ் சிலிண்டர். அதை அடித்து அடித்துத் தன் கொழுந்தன் இயோபுவுக்குத் தோள்பட்டை வீங்கிவிட்டதென்று, ரிப்பேர் வேலை தெரிந்த ஃபுவாதினோ ஒரு மோட்டாரைப் பொருத்தினாள். நொறுங்கிப்போன வேனின் விசிறி மோட்டார் அது. சக்கரம் ஒரு சுற்று வந்தால் சுத்தியல் ஒருமுறை விழும். சுற்றுகளை எண்ண ஒரு காந்தம். ஆறு எண்ணியதும் கரண்ட் நின்றுவிடும்.

கரண்ட் நின்றது, மோட்டார் நிற்கவில்லை. ஓடிவந்த வேகத்தில் சோம்பலாக இன்னொரு சுற்றுச் சுற்றி, ஏழாவதாக ஒரு அடி போட்டது. அவ்வளவுதான், பிள்ளைகள் கைப்பந்து வலைப்பக்கம் பறந்தார்கள். ஊர்த் தலைவர் சேயுலி கண்ணைத் திறந்து பார்த்தபோது எதிரே பாய் மட்டும் இருந்தது.

மறுநாள் காலையிலேயே ஃபுவாதினோவின் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"வாழ வந்த பொண்ணு, ஊர் மணியில கை வச்சிட்டே. இன்னிக்கும் ஒன்னு கூட விழுந்துச்சுன்னா, மோட்டாரைக் கழட்டிக் கடல்ல போட்டுடுவேன். தண்ணி பம்ப் வேலையும் உனக்குக் கிடையாது, வெளியூர்க்காரன் பாத்துக்குவான்."

அந்த வேலைக்காகத்தான் ஃபுவாதினோ இரண்டு வருஷமாக ஊர் ஃபிரிட்ஜ்களையெல்லாம் சும்மா சரிசெய்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சுலயே கரண்டை நிறுத்திடு அண்ணி, ஆறாவது தானா விழும்ல?" என்றான் இயோபு.

"விழும், விழாமலும் போகும். அது இஷ்டத்துக்கு விட்டா நான் எதுக்குடா?"

மோட்டாரைக் கழற்றிக் கையால் சுற்றிப் பார்த்தாள். வழவழவென்று ஓடியது. அதன் இரண்டு ஒயர்களும் தற்செயலாக ஒன்றோடொன்று பட்டபோது சட்டென்று இறுகிக்கொண்டது. பிரித்தாள், ஓடியது. சேர்த்தாள், இறுகியது.

"அடி கழுதை, நீயே உனக்கு பிரேக்கா!" என்று மோட்டாருக்கு ஒரு முத்தம் கொடுத்தாள். கரண்ட் நின்ற நொடியே இரண்டு ஒயரும் சேர்ந்துகொள்ளும்படி ஒரு ரிலே சுவிட்சை வைத்து முடுக்கினாள்.

சாயங்காலம் மரத்தடியில் நின்று பொத்தானை அழுத்தினாள். ஒன்று, இரண்டு... ஆறு. சக்கரம் ஆணி அடித்ததுபோல் நின்றது.

ஆனால் எந்த வீட்டிலிருந்தும் பாட்டு வரவில்லை. ஊரே ஏழாவது அடிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பாதி எழுந்த பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். யாரோ இருமினார்கள். ஃபுவாதினோ சக்கரத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சேயுலியின் வீட்டிலிருந்துதான் முதல் குரல் வந்தது. ஊருக்கே கேட்கும்படி கத்தினார்:

"இனிமே வராதுடா! அவ நிறுத்திட்டா! உக்காந்து பாடுங்க!"