பெரியம்மா கேட்ட நிறம்

தலைமாட்டில், தரையில் மகள். கதவை ஒட்டிய நாற்காலியில் மைத்துனன். ஜன்னலோரம் சுவரில் சாய்ந்தபடி பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா. செருப்பு மாட்டும்போது மட்டும் உட்காரும் குட்டை முக்காலியில் அவர். நடுவே கட்டிலில் அவர் மனைவி. இருப்பவர்களில் தான் ஒருத்திதான் வசதியாக இருப்பதாக, உயிரோடு இருந்தால், அவளே சொல்லியிருப்பாள்.

விடிவதற்கு முன்பே தோட்டத்தில் வெட்டி, வாளித் தண்ணீரில் கழுத்தளவு நிறுத்தியிருந்த பூக்களை மகள் ஒவ்வொன்றாக எடுத்தாள். அடி இலைகளை உருவினாள். தண்டைச் சாய்வாக நறுக்கினாள். உயரமானவை பின்னால், குட்டையானவை முன்னால் என்று கட்டிலின் இரு பக்கமும் ஜாடிகளில் நிறுத்திக்கொண்டே வந்தாள். அத்தனையும் அம்மாவின் கைப்பழக்கம்.

அவர் எழுந்து உள்ளறைக்குப் போய் ஒரு கண்ணாடிக் குவளையைக் கொண்டுவந்தார். அதில் டேலியா மொட்டுகள், பச்சையாக, இறுகிப்போய். தண்டுகள் எல்லாம் ஒரே உயரம். கட்டட வரைபடம் போடும் வேலையில் இருந்தவர். ஸ்கேல் வைத்துத்தான் வெட்டியிருந்தார். வெட்டிக்கொண்டு வந்த அன்றைக்கு அவள் படுத்தபடியே சிரித்தாள். "ஏங்க, பூவா இது? டிரில் கிளாஸுக்கு நிக்கிற பிள்ளைங்க மாதிரி இருக்கு."

"இதையும் வைம்மா," என்றார் மகளிடம்.

"இன்னும் விரியலையே அத்தான்?" என்றான் மைத்துனன். "பெரியக்கா லெட்டருக்கு லெட்டர் கேட்டுச்சே."

டேலியாக் கிழங்கை அனுப்பியதே மனைவியின் அக்காவான அந்தப் பெரியக்காதான். தூரத்தில் இருக்கிறாள், காது கேட்காது, எல்லாம் கடிதத்தில்தான். 'பை மாறிவிட்டது, என்ன நிறமென்று எனக்கே தெரியவில்லை, பூத்ததும் எழுது' என்று எழுதியிருந்தாள். சிவப்பு என்பது அக்காவின் கட்சி. வெள்ளை என்பது தங்கையின் கட்சி. செடி மொட்டுவிட்டபோது தங்கையால் எழுந்து நடக்க முடியவில்லை. அதனால்தான் அவர் ஒரு மொட்டு விடாமல் வெட்டிக்கொண்டு வந்து கட்டிலருகே வைத்தார். அவள் கண்ணெதிரே விரியட்டுமே என்று.

மகள் குவளையை வாங்கிக்கொள்ளாமல் பார்த்தாள்.

"மொட்டா வெட்டினா டேலியா விரியாதுப்பா."

"நாளைக்கு விரியும்னாளே. தண்ணிய மாத்துங்க, நாளைக்கு விரிஞ்சிரும்னு தெனமும் சொன்னாளே."

மகள் கத்தரியைக் கீழே வைத்தாள். "அம்மாதாம்ப்பா எனக்கு இதச் சொல்லிக்குடுத்தாங்க."

தையல்காரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் இருந்தவரை ஒவ்வொரு காலையும் அவர் தண்ணீர் மாற்றிக் குவளையை வெளிச்சத்துக்குத் திருப்பி வைப்பார். அவள் தலையணையிலிருந்து கழுத்தை எக்கிப் பார்ப்பாள். மூச்சு வாங்கும். "அந்தக் கடைசி மொட்டு லேசா அசையற மாதிரி இல்ல?" என்பாள்.

"வைம்மா," என்றார் மறுபடியும்.

மகள் குவளையை அம்மாவின் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். அந்த வரிசையை மட்டும் அவள் கலைக்கவில்லை.

வண்டி வந்தபோது ஜாடிப் பூக்கள் எல்லாம் அம்மாவோடு போயின. குவளை வீட்டிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் காலை அவர் மேஜையில் உட்கார்ந்து எழுதினார். இறந்த செய்தி பெரியக்காவுக்கு அவள் மகன் மூலம் போயிருந்தது. இவர் மற்றதையெல்லாம் எழுதினார்: கடைசி இரவு வலி இல்லை, யார் யார் வந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு பேனாவை வெகுநேரம் சும்மா பிடித்திருந்தார். இன்னும் ஒரு வரி எழுதினார்.

மகள் வாசற்படியில் நின்றாள். "பெரியம்மா கலர் கேட்டிருந்தாங்களேப்பா."

"எழுதிட்டேன்."

"என்னன்னு?"

"வெள்ளை. உங்கம்மா பாத்தான்னு."

அவள் மேஜையருகே வந்தாள். பிறகு பசை டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

"பெரியம்மா ஒத்துக்க மாட்டாங்க. சண்டைக்கு வருவாங்க."

"வரட்டும்."

அவர் உறையின் மடிப்பில் பசை தடவினார். அவள் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். தபால்தலையை ஒட்டியதும், "நானே போட்டுட்டு வந்துடறேன்," என்று கடிதத்தோடு தோட்டத்து வழியாக இறங்கினாள்.

வெளிக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவர் எழுந்தார். குவளையின் தண்ணீரை மாற்றி, மொட்டுகளை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி வைத்தார்.