ஆரத்தியில் அவிழ்ந்த இதழ்கள்

கற்பூரச் சுடர் தாழ்ந்தபோது, அம்மன் பாதத்தில் தட்டோடு வைத்திருந்த மேலாடையின் தோளில் முதல் இதழ் தானாக எழுந்தது.

நீலசந்திரா வட்டாரத்தின் அந்தச் சிறு கோயிலில் எல்லோரும் எட்டிப் பார்த்தனர். அடுத்தடுத்த பட்டிதழ்களும் வைகறை கண்ட தாமரையெனச் செம்மாந்து விரிந்தன. பூசாரி முனிகிருஷ்ணனின் கைமணி பாதியில் ஓய்ந்தது. தையற்காரி ரூபினி தட்டை நோக்கி ஓரடி முன்வந்தாள். ரவிக்கையோ சீருடையோ, தைத்ததை அம்மன் பாதத்தில் வைத்தெடுத்த பின்னரே கொடுப்பாள். இவ்விதழ்களுக்குள் அவளே கோத்திருந்த மெல்லிய கம்பி, சூடு பட்டால் தன் பழைய வடிவத்தை நினைவுகூர்ந்து நிமிரும்; ஆறியபின் கையால் மடக்கினாலன்றிப் படியாது. மேடையில் பாட்டரி தரவேண்டிய சூட்டை ஆரத்தி தந்துவிடும் என அவள் எண்ணவில்லை.

"ஆத்தா ஏத்துக்கினா," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் பூக்காரி சின்னத்தாயி.

முனிகிருஷ்ணன் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"சாமி, அது அதிதி மேடம் டிசைன் பண்ண டிரஸ்ஸு. சாயங்காலம் பேஷன் ஷோ. குடுத்துடுங்க," என்றாள் ரூபினி.

"அம்மனுக்கு ஆனத திருப்பிக் கேக்கறியாம்மா?"

"உள்ள கம்பி இருக்குது. சூடு பட்டா எழும்பும். அவ்ளோதான்."

"ஓ," என்றாள் சின்னத்தாயி. "அப்போ உம் புள்ளைக்கு ஜொரம் எறங்குச்சே, அதுவும் கம்பிதானா?"

ரூபினியின் பார்வை வாசற்படிக்குச் சென்றது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட அன்று இதே வாசலில் விழுந்து அழுதவள் அவள். ஆனால் இவ்வாடை இன்று மேடையேறினால்தான் அடுகோடியிலுள்ள அதிதியின் தையற்பட்டறையில் அவளுக்கு நிரந்தர வேலை. வாசலில் ஆட்டோ உறுமியது.

"ரூபினி அக்கா, ஆயிடுச்சா? லேட் ஆவுது," என்றது அதிதியின் குரல்.

முனிகிருஷ்ணன் தட்டைக் கருவறைப் படியில் இறக்கினார். "கம்பின்னு சும்னே வாயால சொன்னா ஆகாது. ஒண்ண மடக்கு. மறுபடி ஆரத்தி காட்டறேன். எழுந்துச்சுன்னா எல்லாத்தையும் எடுத்துனு போ."

ரூபினி மண்டியிட்டு ஓரிதழை மடக்கிப் பெருவிரலால் அழுத்தினாள். ஆறிய கம்பி வாழைக்குருத்தென வளைந்து கொடுத்தது. புதிய கற்பூரம் பற்றிக்கொண்டது. கூடியிருந்த பெண்கள் எவரும் கைகூப்பவில்லை; இதழையே பார்த்து நின்றனர். பின்னிருந்து சின்னத்தாயியின் ஈரக்கை அவள் தோளைப் பற்றியது.

"வாணாண்டி, எங்களுக்கு அது ஆத்தாவாவே இருக்கட்டும்," என்றாள் கிழவி. குரலில் கேலி இல்லை.

சுடர் அருகே வந்தது. நகக்கண்ணில் வெம்மை ஏறியது. பெருவிரலுக்கடியில் கம்பி நிமிரத் துடித்தது; விட்டால் ஆடை அதிதிக்கு, அழுத்தினால் அம்மனுக்கு; ரூபினி இன்னும் விரலை எடுக்கவில்லை.