பால்துரை கடை ஊசி மருந்து

பால்துரை அண்ணாச்சி சாக்குத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனதுமே ஞானசௌந்தரி மனதுக்குள் எண்ண ஆரம்பித்துவிட்டாள். நாற்பது எண்ணியும் ஆள் வெளியே வரவில்லை. ஒரு பாட்டிலை எடுத்துவர இவ்வளவு நேரமா? உள்ளே அப்படி என்ன வேலை?

ஆத்தூர் கடைத்தெருவில் ஆடு வளர்ப்பவர்களுக்கு வேண்டிய சகலமும் கிடைப்பது பால்துரை கடையில்தான். மழைக்கு முன்னால் வாங்கிவைக்க வேண்டியதையெல்லாம் அவள் ஏற்கெனவே வாங்கி முடித்திருந்தாள். பிண்ணாக்கை உடைத்து முகர்ந்து பார்த்தாள். வேப்பெண்ணெயை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்துப் பார்த்தாள். குளம்பு வெட்டும் கத்தியை நகத்தில் வைத்துச் சீவிப் பார்த்தாள். ஆட்டின் வாயில் மருந்து ஊற்றும் மூங்கில் கொட்டத்துக்குள் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நோட்டம் விட்டாள். எதிலும் குறையில்லை. அதுதான் அவளுக்கு இடித்தது. சில்லறைச் சாமானில் சுத்தமாக இருப்பவன்தான் பெரிய சாமானில் கைவைப்பான் என்பது அவள் கட்சி.

பெரிய சாமான் என்பது துள்ளுமாரித் தடுப்பூசி. மழை பெய்து, புதுப் புல் முளைத்து, ஆடுகள் அதை ஆசையாய் மேயும் காலத்தில் வருகிற நோய் அது. காலையில் நன்றாய் நிற்கும் ஆடு நாலு துள்ளுத் துள்ளி மத்தியானம் செத்துக் கிடக்கும். போன வருஷம் இதே கடை மருந்தைத்தான் வாங்கிப் போட்டாள். கார்த்திகையில் நான்கு ஆடுகள் துள்ளி விழுந்தன. ஊசி போட்ட ஆடு எப்படிச் சாகும்? அண்ணாச்சி பாட்டிலில் தண்ணீரைக் கலந்திருக்கிறார், இல்லாவிட்டால் கெட்டுப்போன பழைய சரக்கைத் தள்ளிவிட்டிருக்கிறார். இந்தச் சந்தேகத்தை அவள் மனசோடு வைத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தன் கடலோர ஊரான புன்னைக்காயலில், கோயில் முற்றத்தில் பத்துப் பேர் காதில் போட்டுவிட்டாள்.

மிச்சம் இருப்பது பதினேழு கொடியாடு. அதில் நான்கு சினை. புருஷன் வளன் புதுத் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலைக்குப் போய் இரண்டு வருஷமாகியும் அவன் சம்பளம் அவனுக்கே போதவில்லை. மகள் அல்போன்சா தூத்துக்குடியில் டீச்சர் டிரெயினிங் படிப்பது இந்த ஆடுகளை நம்பித்தான். இந்த முறையும் துள்ளுமாரி புகுந்தால் படிப்பு பாதியில் நிற்கும்.

அண்ணாச்சி பாட்டிலோடு வந்தார். மண்ணெண்ணெயில் ஓடும் குளிர்ப்பெட்டியின் திரியைத் தூண்டிவிட்டு வரத் தாமதமாகிவிட்டதென்று கேட்காமலே சொன்னார். கேட்காமல் காரணம் சொல்கிறவனை நம்பலாமா? அவள் பாட்டில் மூடியின் ஈய முத்திரையைத் திருகிப் பார்த்தாள். லேபிளில் இருந்த நம்பரை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி, மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"போலீஸ்ல எழுதிக் குடுக்கதுக்கா?" என்று சிரித்தார் அண்ணாச்சி.

"தேவைப்பட்டா குடுப்பேன்" என்றாள் அவள். சிரிக்கவில்லை.

பெரிய பிஸ்கட் டின் ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். மீன் லாரிக்காரனிடம் வாங்கிய ஐஸை அதில் உடைத்துப் போட்டு, பாட்டிலை நடுவில் செருகி, சாக்கைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். வீட்டுக்கு வந்ததும் கரைந்ததுக்கு ஈடாகப் புது ஐஸ் போட்டாள். வழக்கம்போல இரண்டு கை கல்லுப்பையும் மேலே தூவி இறுக மூடினாள். ராத்திரி முழுக்க டின் அவள் தலைமாட்டிலேயே இருந்தது. வேறு யார் கையும் அதில் படவில்லை.

மறுநாள் சாயர்புரத்திலிருந்து தேவதாசன் சைக்கிளில் வந்தார். கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சுற்றுப்பட்டு ஆடுகளுக்கெல்லாம் ஊசி போடுவது இப்போது அவர்தான். போன வருஷம் போட்டது வேறு ஆள், அவனும் அண்ணாச்சியின் ஆள்தான் என்பது ஞானசௌந்தரியின் எண்ணம். இவரையும் அவள் முழுசாக நம்பிவிடவில்லை. ஆத்தூர் வந்தால் அண்ணாச்சி கடையில் டீ குடிக்கிறவர்தானே.

டின்னில் ஐஸ் கரைந்து தண்ணீராகியிருந்தது. தேவதாசன் பாட்டிலை எடுத்துத் துடைத்து, குலுக்கி, வெயிலில் தூக்கிப் பிடித்தார். மறுபடி குலுக்கினார். உள்ளே திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக மிதந்தது. தெளிந்த நீர் தனியே நின்றது.

"ஏளா, இது செத்த மருந்து. இதைப் போடுததும் ஒண்ணு, போடாததும் ஒண்ணு" என்றார்.

ஞானசௌந்தரிக்கு ஆத்திரத்தோடு ஒரு திருப்தியும் வந்தது. நான் சொன்னேனா இல்லையா! கம்பவுண்டரைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு, பாட்டிலை டின் தண்ணீரிலேயே திரும்பப் போட்டு, அடுத்த பஸ்ஸில் ஆத்தூருக்குப் போய் இறங்கினாள்.

கடையில் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். அதுவும் நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள். அத்தனை பேர் முன்னாலும் பாட்டிலைத் தராசுத் தட்டில் வைத்து, போன வருஷத்து நான்கு ஆடுகளில் ஆரம்பித்து இன்று காலைவரை ஒன்று விடாமல் சொன்னாள்.

பால்துரை அண்ணாச்சி திரையை விலக்கினார். உள்ளே போய் இன்னொரு பாட்டிலோடு வந்தார். இம்முறை அவள் எண்ணுவதற்குக்கூட நேரமில்லை. முந்தானையில் முடிந்த தாளை எடுக்கச் சொன்னார். இரண்டும் ஒரே நம்பர், ஒரே தடவையில் தயாரான சரக்கு. தேவதாசன் வாங்கிக் குலுக்கினார். மோர் போலச் சீராகக் கலங்கியது, ஒரு கட்டி இல்லை.

அண்ணாச்சியின் கண் இப்போது அவள் டின்னுக்குப் போனது. குனிந்து, தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

"இதுல உப்பு எதுக்கும்மா போட்டிய?"

"ஐஸுன்னா உப்பு போடாம பின்ன? சீலா மீனுக்குப் போடுதோம், இறாலுக்குப் போடுதோம். உப்பு போட்டாத்தான ஐஸு இறுகும்" என்றாள் ஞானசௌந்தரி. இதென்ன கேள்வி என்றிருந்தது அவளுக்கு.

தேவதாசன் தலையில் கைவைத்துக்கொண்டார். "மீன் ஏற்கெனவே செத்தது. அதை எம்புட்டு இறுக்கினாலும் ஒண்ணும் இல்ல. இந்த மருந்து குளுந்து இருக்கணும், உறையக் கூடாது. உப்பு போட்டா ஐஸோட குளுரு கூடி மருந்தே உறைஞ்சுபோவும். உறைஞ்சா முடிஞ்சுது." சொல்லிவிட்டுச் சற்று நிறுத்தினார். "போன வருசமும் உப்பு போட்டியா ஏளா?"

அவள் போன வருஷம் மூன்று கை போட்டிருந்தாள். ஒரு கை கூடவே இருக்கட்டும் என்று. நான்கு ஆடுகளும் ஒவ்வொன்றாக அவள் கண் முன்னால் துள்ளி விழுந்தன.

நின்றிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஞானசௌந்தரி அவர்கள் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி மருந்துல ஒரு கொறையும் இல்ல. நாந்தான் கெடுத்தேன்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"இங்கன சொல்லி என்ன செய்ய? கோயில் முத்தத்துல சொல்லுங்க" என்றார் பால்துரை அண்ணாச்சி. அவர் சிரிக்கவில்லை. செய்தி எப்போதோ ஆத்தூர் வந்து சேர்ந்திருக்கிறது.

"ஞாயித்துக்கிழமை சொல்லுதேன்" என்றாள்.

அவர் டின்னைக் கொட்டிக் கழுவி, வெறும் ஐஸை நிரப்பி, புதுப் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தார். ஞானசௌந்தரி அந்த ஐஸையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். உப்பில்லாத ஐஸ் அவள் கண்ணுக்குப் பாதி உயிராகத்தான் தெரிந்தது. இது வீடுவரை தாங்குமா? ஒரே ஒரு சிட்டிகை போட்டால் என்ன குறைந்துவிடும்?

அந்த நினைப்பு வந்ததுமே டின்னைத் தூக்கித் தேவதாசன் கையில் கொடுத்தாள். பஸ்ஸில் அவர் முன்னால் உட்கார, அவள் நான்கு வரிசை தள்ளிப் பின்னால் போய் உட்கார்ந்தாள். பதினேழு ஆட்டுக்கும் ஊசி போட்டு முடியும்வரை இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டியே வைத்திருந்தாள்.